லெஃப்ட் ஃபீல்டில் நான் எழுதாத பெயர்

என் வாழ்நாளில் பார்த்த பேஸ்பால் ஆட்டக்காரர்களில் மிகப் பெரியவர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அவர் பெயரை விட்டுவிட்டு ஒரு பட்டியல் எழுதினேன். கேட்டவர்களிடம் அதற்கு நியாயமும் கற்பித்தேன். நான் சொன்ன காரணம் ஒன்று, மனதில் இருந்த காரணம் வேறு. அந்த வேறு காரணத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாண்ட் கொலிசியத்தில் ஏ'ஸ் அணி தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றுவிட்டு ஊரைக் காலி செய்தது. 1968 முதல் அங்கே இருந்த அணி அது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்த இடம் அந்தக் கொலிசியம். பார்ட் ரயிலில் இறங்கி நடைபாலத்தைக் கடந்தால் மைதானம். புதன்கிழமைகளில் 2 டாலருக்கு டிக்கெட் கிடைத்த காலம் உண்டு. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் வாழ்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று இன்றைக்குச் சொன்னால் புரியாது. கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு தெரியாமல் வந்தவன், நாலைந்து ஆண்டுகளில் ஸ்கோர்கார்டை பென்சிலால் நிரப்பத் தெரிந்தவனாகிவிட்டேன்.

அணி போய்விட்ட துக்கத்தில் அலுவலக நண்பர்கள் சிலர் கூடி, ஆளுக்கு ஒரு அணி எழுதலாம் என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர். விதி ஒன்றே ஒன்றுதான்: நேரிலோ டிவியிலோ கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். படித்தது, கேட்டது, அப்பா சொன்னது எதுவும் செல்லாது.

பெரும்பாலான இடங்கள் சிரமம் இல்லாமல் நிரம்பின. சென்டர் ஃபீல்டில் கென் கிரிஃபி ஜூனியர், அந்த இடதுகை வீச்சின் அழகுக்காகவே. ரைட் ஃபீல்டில் இச்சிரோ. 2001 ஏப்ரலில், அவர் அமெரிக்காவுக்கு வந்த புதிதில், எங்கள் மைதானத்தில் டெரன்ஸ் லாங் முதல் பேஸிலிருந்து மூன்றாவதற்கு ஓடியபோது ரைட் ஃபீல்டிலிருந்து அவர் எறிந்த பந்து தரைக்கு மேல் ஒரே கோடாகப் போய் மூன்றாவது பேஸ்காரரின் கையுறைக்குள் விழுந்தது. எங்கள் ஆள் அவுட். ஆனாலும் மனசு நிறைந்தது. ஷார்ட்ஸ்டாப்பில் டெரெக் ஜீட்டரை எழுதினேன். அதே ஆண்டு அக்டோபரில், பிளேஆஃப் ஆட்டத்தில், தனக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துக்கு ஓடிவந்து பந்தைப் புறங்கையால் தட்டிவிட்டு ஜெரெமி ஜியாம்பியை ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கியவர். ஓக்லாண்ட்காரனுக்கு அது ஆறாத காயம். அவரையும் சேர்த்ததால் நான் பாரபட்சம் இல்லாதவன் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடுதான் லெஃப்ட் ஃபீல்டுக்கு வந்தேன்.

அங்கே ரிக்கி ஹெண்டர்சன் என்று எழுதினேன்.

யாரும் மறுக்க முடியாத பெயர். 1,406 பேஸ் திருட்டு. பக்கத்தில் நெருங்கக்கூட ஆள் இல்லை. ஓக்லாண்டில் வளர்ந்தவர். கொலிசியத்தின் புல்தரைக்கே அவர் பெயர்தான் வைத்திருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் வயதில் இளையவன், மதுரைக்காரன், என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, ரிக்கிய நீங்க எப்ப பாத்தீங்க?"

"98-ல."

"அப்ப அவருக்கு நாப்பது வயசு ஆகப்போகுதுல்ல? பாண்ட்ஸ எத்தன வருசம் பாத்திருப்பீங்க?"

"ஸ்டீராய்டு போட்டவன எல்லாம் நான் சேக்க மாட்டேன் தம்பி."

"சரிண்ணே. அப்ப டிஹெச்ல ஓர்டிஸ் இருக்காரு, பெஞ்சுல ஜியாம்பி இருக்காரு?"

ஜெரெமியின் அண்ணன் ஜேசன் ஜியாம்பியைச் சொன்னான். நான் ஏதேதோ சொல்லி அவன் வாயை அடைத்தேன். வயதில் மூத்தவன் என்பதால் அவனும் விட்டுவிட்டான். ஆனால் அவன் கேட்டது மொத்தமும் சரி.

முதலில் ரிக்கி விஷயம். நான் பார்த்த ரிக்கி, நான்காவது முறையாக ஓக்லாண்டுக்கு வந்து ஆடிய 39 வயது ரிக்கி. அந்த வயதிலும் 66 பேஸ் திருடி லீகிலேயே முதலாக வந்தார். அதைப் பார்த்தது என் பாக்கியம். ஆனால் அவரை மாபெரும் ஆட்டக்காரராக்கிய 1982, ஒரே பருவத்தில் 130 பேஸ் திருடிய அந்த ஆண்டு, எனக்குப் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாத காலம். படித்ததைப் பார்த்ததாக எழுதினேன். இருந்த ஒரே விதியை நானே மீறினேன். ஒரு பெயரை எழுதாமல் இருக்க இன்னொரு பெயர் தேவைப்பட்டது. அதற்கு ரிக்கியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

நான் பார்த்தது பேரி பாண்ட்ஸை. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் லெஃப்ட் ஃபீல்டர். 2001-இல் 73 ஹோம் ரன் அடித்ததையும், அதன்பின் தொடர்ந்த மூன்று ஆண்டுகளையும் ஏறக்குறைய தினமும் பார்த்தேன், இரவுச் செய்தியிலாவது. அது எப்படிப்பட்ட ஆட்டம் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை ஆண்டுகள் நான் அதை வாய்திறந்து சொன்னதே இல்லை. மட்டையின் அடிமுனையை விட்டுக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடிப்பார். பலத்தால் அடிப்பவர்கள் அப்படிப் பிடிப்பதில்லை. பிளேட்டை ஒட்டி நிற்பார். பந்து வரும்; அசைய மாட்டார். ஒரு அங்குலம் வெளியே போனாலும் அசைய மாட்டார். ஆட்டம் முழுக்க அடிக்கத் தகுந்த பந்து ஒன்றுதான் வரும். அந்த ஒன்றை விடமாட்டார். 2004-இல் அவர் 45 ஹோம் ரன் அடித்தார். அந்தப் பருவம் முழுவதும் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 41 முறைதான். ஹோம் ரன் அடிக்கிறவர்கள் அதைப்போல மூன்று மடங்கு ஸ்ட்ரைக் அவுட் ஆவது சாதாரணம்.

எதிரணிகள் அவருக்குப் பந்து போடுவதையே நிறுத்திக்கொண்டன. கிரிக்கெட்டில் இப்படி ஒரு வசதி கிடையாது: 2017-க்கு முன் இருந்த விதிப்படி, பிட்சர் வேண்டுமென்றே நாலு பந்தை எட்டாத தூரத்தில் போட்டு, ஒரு பேட்டரை முதல் பேஸுக்குச் சும்மா அனுப்பிவிடுவார். கேட்சர் எழுந்து கையை ஓரமாக நீட்டிக்கொண்டு நிற்பார், பாண்ட்ஸ் மட்டையைத் தோளில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். 2004-இல் மட்டும் 120 முறை அப்படி அனுப்பினார்கள். மற்றபடி நடந்து போனதையும் சேர்த்தால் 232. அதற்கும் முன்னால், 1998 மே மாதம், பேஸ்கள் மூன்றும் நிறைந்திருந்தபோது அரிசோனா அணி அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டது. அதாவது ஒரு ரன்னைக் கையில் எடுத்துக் கொடுத்தது. இவருக்குப் பந்து போடுவதைவிட ரன் கொடுப்பது மேல் என்று அந்த மேனேஜர் கணக்குப் போட்டார். அணியும் ஜெயித்தது.

இங்கேதான் எனக்கு வெட்கம் அதிகம். 'மணிபால்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 2002 ஓக்லாண்ட் அணியின் வேதமே பேஸைப் போய்ச் சேர்வதுதான். அடித்துப் போனாயா, நடந்து போனாயா என்பது முக்கியம் இல்லை, அவுட் ஆகாமல் பேஸுக்குப் போ என்பார்கள். நானும் அந்த வேதத்தைப் பாடம் செய்தவன். அலுவலகத்தில் வெறும் பேட்டிங் சராசரியைச் சொல்லி வாதாடுகிறவர்களை மடக்குவேன். நூறு முறை மட்டையோடு வந்து 40 முறை பேஸுக்குப் போனாலே அவர் பெரிய ஆட்டக்காரர். 2004-இல் பாண்ட்ஸ் போனது 60 முறைக்கு மேல், கணக்கு .609. ஒரு பருவத்தில் பேஸைச் சேர்ந்ததில் அதற்கு முன்னும் பின்னும் அதற்கு இணை இல்லை. நான் நம்பிய கொள்கையின் உச்சம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் தினமும் ஆடிக்கொண்டிருந்தது. நான் கொள்கையை ஒதுக்கி வைத்துவிட்டு வெறுப்பை எடுத்துக்கொண்டேன்.

சொன்ன காரணம் மருந்து. அது பொய்க் குற்றச்சாட்டு என்று சொல்ல வரவில்லை. 2003 செப்டம்பரில் பர்லிங்கேமில் இருந்த பால்கோ ஆய்வகத்தில் மத்திய அதிகாரிகள் சோதனை போட்டார்கள். பாண்ட்ஸ் கிராண்ட் ஜூரி முன்னால் போய், தன் பயிற்சியாளர் கொடுத்ததைப் பயன்படுத்தியதாகவும் அது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்றே நினைத்ததாகவும் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அதை நான் நம்பவில்லை, இன்றும் நம்புவது கடினம். 2011-இல் நீதிக்குத் தடை செய்தார் என்று தீர்ப்பானது. 2015-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. சட்டம் என்ன சொன்னாலும், மருந்து தொடாமல் ஆடி வாய்ப்பை இழந்த எத்தனையோ பேருக்கு அந்தக் காலம் செய்தது அநியாயம். அந்தக் கோபம் எனக்கு உண்மையாகவே உண்டு.

ஆனால் அந்தக் கோபத்தை ஒருவர்மேல் மட்டும் காட்டினேன். அண்ணன் ஜியாம்பி 2000-இல் எங்கள் அணிக்காக லீகின் எம்விபி, அதாவது ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனவர். அதே பால்கோ விவகாரத்தில் அதே கிராண்ட் ஜூரி முன்னால், ஸ்டீராய்டு எடுத்ததை அவர் ஒப்புக்கொண்டதாக 2004 டிசம்பரில் செய்தி வந்தது. அவரைச் சீக்கிரமே மன்னித்தேன். மன்னிப்புக் கேட்டாரே என்றேன். மிகுவல் தெஹாடா, 2002-இல் எங்கள் அணி தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தபோது 18-ஆவதையும் 19-ஆவதையும் கடைசி அடியில் வென்று கொடுத்தவர், பிற்பாடு ஊக்கமருந்து விசாரணையில் காங்கிரசை ஏமாற்றியதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, வருத்தம்தான் வந்தது. டேவிட் ஓர்டிஸ் விஷயம் வேறு: 2003 ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததாக 2009-இல் செய்தி வந்தாலும், அந்த முடிவுகளை நம்ப முடியாது என்று 2016-இல் கமிஷனரே சொன்னார். அவருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தது சரிதான். ஆனால் கமிஷனர் சொல்வதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே நான் கொடுத்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக, அந்தப் பெரிய அணைப்புக்காகக் கொடுத்தேன். 2022 ஜனவரியில் ஒரே வாக்கெடுப்பில் ஓர்டிஸ் 77.9 சதவீதத்தோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். பாண்ட்ஸ் தன் பத்தாவது, கடைசி வாய்ப்பில் 66 சதவீதத்தோடு வெளியே நின்றார். 75 வேண்டும். அன்று நான் மகிழ்ந்தேன். ஒருவர் உள்ளே போனதற்கு மட்டுமில்லை.

வெறுப்பு எங்கிருந்து வந்தது? அவர் எனக்கு எதுவும் செய்யவில்லை. நிருபர்களுக்கு முகம் கொடுக்க மாட்டார், லாக்கர் அறையின் மூலையில் தனக்கென்று சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டார், சிரிக்க மாட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதையும் ரேடியோவில்தான் கேட்டேன். விளையாட்டை யாரிடம் கற்றுக்கொண்டேனோ அவர்களிடமே யாரை வெறுப்பது என்பதையும் கற்றுக்கொண்டேன். வந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் என் ஆங்கிலம் யாருக்கும் பிடிபடாது, நான் சொல்லும் நகைச்சுவை விழாது. ஒருநாள் பாண்ட்ஸைப் பற்றி மட்டமாக ஒன்று சொன்னேன். மேசையே சிரித்தது. ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அடிக்கடி சொன்னேன். அந்த மேசையில் ஓர் இடம் பிடிக்க, அங்கே இல்லாத ஒரு கறுப்பின மனிதரின் மரியாதையை விலையாகக் கொடுத்தேன். என்னுடையது அல்லாத ஒன்றைக் கொடுத்தேன்.

கொலிசியத்தில் எங்கள் வரிசையில் வழக்கமாக உட்காரும் ஒரு கறுப்பினப் பெரியவர் இருந்தார். ஜயன்ட்ஸோடு ஆட்டம் நடக்கும் நாட்களில் பாண்ட்ஸ் மட்டையோடு வரும்போது மைதானமே ஊளையிடும், நானும் ஊளையிடுவேன். அவர் மட்டும் கைதட்டுவார். "இவன் பாபியின் மகன்" என்பார். பேரியின் அப்பா பாபி பாண்ட்ஸ் 332 ஹோம் ரன்னும் 461 பேஸ் திருட்டும் வைத்திருந்தவர். அவரை ஜயன்ட்ஸ் விட்டதிலிருந்து ஊர் ஊராக மாற்றி மாற்றி மொத்தம் எட்டு அணிகளில் ஆடவைத்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பையன் யாரையும் நம்பாமல் போனதில் என்ன ஆச்சரியம் என்று அந்தப் பெரியவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. தலைநிமிர்ந்து நடக்கும் சிலரை மட்டும் ஊர் பொறுக்காது என்பதும், அவர்களுக்கு என்னென்ன பெயர் வைப்பார்கள் என்பதும் எங்கள் ஊரிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். கடல் தாண்டி வந்து, பொறுக்க மாட்டாத கூட்டத்தோடு போய் நின்றேன்.

2004 ஏப்ரல் 12. ஜயன்ட்ஸின் உள்ளூர்ப் பருவத்தின் முதல் ஆட்டம், எதிரே மில்வாக்கி. கம்பெனி கொடுத்த டிக்கெட்டில் போயிருந்தேன். பாண்ட்ஸ் 659-இல் நின்றார். இன்னும் ஒன்று அடித்தால் வில்லி மேஸின் 660. மேஸ் அவருடைய ஞானத்தந்தை. அந்த மைதானத்தின் ரைட் ஃபீல்டு சுவர் 24 அடி உயரம், மேஸின் சட்டை எண்ணுக்காகவே அப்படிக் கட்டியது. பாண்ட்ஸ் அடித்த பந்து அந்தச் சுவரைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் நடைபாதையையும் தாண்டி, மெக்கவி கோவ் தண்ணீரில் விழுந்தது. படகுகள் பாய்ந்தன. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. மேஸ் வெளியே வந்து ஒரு தீபத்தை அவர் கையில் கொடுத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. கைகட்டி உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் பந்து தண்ணீரில் விழுந்ததை நான் பார்க்கவில்லை; ஆரவாரத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம், "இதெல்லாம் மருந்து" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கைதட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மனிதர் தன் ஞானத்தந்தையை எட்டிப்பிடித்த தருணத்தை, அவர் கண்ணெதிரே நடந்ததை, பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவன் இருபது ஆண்டு கழித்து 'கண்ணால் பார்த்தவர்கள்' என்று தலைப்பிட்டுப் பட்டியல் எழுதுகிறேன்.

மருந்துக் கதை தொடங்கியது 1998-க்குப் பிறகு என்றுதான் அவரைப் பற்றி விசாரித்து எழுதியவர்களும் சொல்கிறார்கள். அந்த 1998 ஆகஸ்டிலேயே அவர் 400 ஹோம் ரன்னும் 400 பேஸ் திருட்டும் சேர்த்து எட்டிய முதல் ஆள். அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று எம்விபி, எட்டு கோல்டு கிளவ் விருது. நாடே மார்க் மக்குவயரின் 70-ஐயும் சாமி சோசாவின் 66-ஐயும் கொண்டாடிக்கொண்டிருந்த கோடை அது. இவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான். பிற்காலத்தை முழுக்கக் கழித்துவிட்டாலும் நான் பார்த்த லெஃப்ட் ஃபீல்டர்களில் அவருக்கு மேலே எழுத ஒரு பெயர் என்னிடம் இல்லை. அப்படியென்றால் மருந்து எனக்கு ஒரு சாக்கு. வேறென்ன?

கடந்த மாதம் பட்டியலைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பினேன். லெஃப்ட் ஃபீல்டில் பேரி பாண்ட்ஸ். ரிக்கியை எடுத்துவிட்டேன், எடுக்கும்போது நெஞ்சு வலித்தது, 2024 டிசம்பரில் அவர் இறந்தபின் இன்னும் அதிகமாக. ஜியாம்பி பெஞ்சில் இருக்கிறார், ஓர்டிஸ் இருக்கிறார். பாண்ட்ஸுக்கு அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறி எதுவும் போடவில்லை. போட்டால் ஜியாம்பிக்கும் போட வேண்டும். மதுரைத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு உன் வாயை அடைத்தது தப்பு என்று சொன்னேன். அவன் சங்கடப்பட்டு, "விடுங்கண்ணே, இதப் போயி" என்றான். விட முடியவில்லை.

அவன் இன்னொன்றும் கேட்டான். பிட்சர் வரிசையில் பெட்ரோ மார்ட்டினெஸ், ராண்டி ஜான்சன், கிரெக் மேடக்ஸ், மரியானோ ரிவேரா எல்லாம் இருக்கிறார்கள், ரோஜர் கிளெமென்ஸ் எங்கே? 354 வெற்றி, ஏழு சை யங் விருது. பெட்ரோவுக்குக் கீழே அவரை வைப்பதற்குக் காரணம் சொல்லலாம், அது ஆட்டத்தை வைத்துச் சொல்லும் காரணம். ஆனால் வரிசையிலேயே இல்லாமல் போனதற்கு அப்படி எதுவும் இல்லை. 2000 வேர்ல்டு சீரிஸில் உடைந்த மட்டைத் துண்டை மைக் பியாட்சா பக்கம் அவர் எறிந்ததை டிவியில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் ஆடும் ஆட்டம் என்றால் சேனலை மாற்றிவிடுவேன். அதனால் எத்தனையோ ஆட்டங்களைத் தவறவிட்டேன். 1996 செப்டம்பரில் டெட்ராய்ட்டில் அவர் இரண்டாவது முறையாக 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிய ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுத்து இந்த வாரம் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று இன்னிங்ஸ் ஆகிவிட்டது. இன்னும் அவரைப் பிடிக்கவில்லை, ஆனால் அந்தக் கை பொய் சொல்லவில்லை. மீதி ஆறு இன்னிங்ஸையும் பார்த்துவிட்டுத்தான் தம்பிக்குப் பதில் எழுத வேண்டும்.